வடக்குத் தெருவுக்குப் போன புல்லாங்குழல்

ஐயனாருக்கு இடது காது கேட்காது. ஏழு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து, கன்னம் இரண்டும் பணியாரம் மாதிரி உப்பி, ஒரு வாரம் பாயில் கிடந்தான். எழுந்து பார்த்தபோது வலது பக்கம் எல்லாம் பழையபடி இருந்தது. இடது பக்கம் மட்டும் யாரோ கதவைச் சாத்திவிட்டுப் போனது போல் இருந்தது. அதற்காக அவன் அழுதுகொண்டு உட்காரவில்லை. வகுப்பில் பெஞ்சின் இடது ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். அங்கே உட்கார்ந்தால் பேசுகிறவர்கள் எல்லோரும் வலது பக்கம்தான் இருப்பார்கள். டீக்கடையிலும் பஸ்ஸிலும் அதே ஏற்பாடுதான். நாளடைவில் பழகிவிட்டது.

இப்போது அவனுக்கு முப்பத்து நான்கு வயது. ஆலங்குடியில் மைக்செட் போடுகிறான். கல்யாணம், காதுகுத்து, கோயில் விசேஷம், கட்சிக் கூட்டம் எதுவானாலும் 'செவந்தி சவுண்ட் சர்வீஸ்' என்று எழுதிய குட்டி லோடு வண்டி வந்து நிற்கும். செவந்தி அவன் மனைவி. கடைக்குப் பெயர் மட்டும் அவளுடையது இல்லை, பாதி வேலையும் அவளுடையதுதான். அவன் தென்னை மரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கரைக் கட்டினால், கீழே நின்று ஒயரை இழுத்துக் கொடுப்பவள் அவள்தான்.

இந்தத் தொழிலில் அவனுக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. ஊருக்கெல்லாம் பாட்டுப் போடுகிறவனுக்கு ஒரு காது கேட்காது என்று தெரிந்தால் சும்மா விடுவார்களா? சிரித்துச் சிரித்தே கடையை மூட வைத்துவிடுவார்கள் என்று நினைத்தான். அதனால் வெளியாள் யாருக்கும் சொன்னதில்லை. தங்கை பரிமளாவுக்குத் தெரியும். செவந்திக்குத் தெரியும். அவளிடமும் அவனாகச் சொல்லவில்லை, கல்யாணமான முதல் வாரத்திலேயே அவளாகக் கண்டுபிடித்துவிட்டாள்.

"ஏங்க, நான் அங்கிட்டு நின்னு திட்டுனா மொறைக்கிறீங்க. இங்கிட்டு நின்னு திட்டுனா சிரிக்கிறீங்க. என்ன விசயம்?"

அன்றிலிருந்து அவள் அவனுக்கு வலது பக்கமாகத்தான் நடப்பாள். ரொம்பக் கோபம் வந்தால் மட்டும் இடது பக்கம் வந்து மனசாரத் திட்டித் தீர்த்துவிட்டு, மறுபடி வலது பக்கம் வந்து, "சாப்பிட வாங்க" என்பாள்.

இரண்டு பேருக்கும் நடுவில் தீராத சண்டை ஒன்று உண்டு. புதுக்கோட்டைக்கு பஸ்ஸில் போகும்போது ஒரே ஹெட்செட்டை ஆளுக்கு ஒரு பக்கமாகக் காதில் செருகிக்கொண்டு பாட்டுக் கேட்பார்கள். அதில் ஒரு பழைய பாட்டு. மெதுவான பாட்டு, விசேஷ வீட்டில் போடுகிற ரகம் இல்லை.

"பல்லவி முடிஞ்சதும் ஒரு புல்லாங்குழல் வருது பாருங்க, அதுக்காகவே இந்தப் பாட்டக் கேக்கலாம்" என்பாள் செவந்தி.

"அதுல ஏது புல்லாங்குழல்? வயலின்தான்."

"வயலின் எங்க இருக்கு? புல்லாங்குழல்தான். எனக்குக் காது ரெண்டு இருக்கு."

"எனக்கு ஒண்ணு இருந்தாலும் அது தொழில் பாக்குற காது."

இந்தச் சண்டை எட்டு வருடமாக நடக்கிறது. அறந்தாங்கி பஸ்ஸிலும் நடந்திருக்கிறது, திருச்சி பஸ்ஸிலும் நடந்திருக்கிறது.

பரிமளாவைச் செங்கமேட்டில் கட்டிக்கொடுத்து ஐந்து வருடம் ஆகிறது. மாப்பிள்ளை ரகுநாத் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். குணமான ஆள். மாமனார் பிச்சைமுத்துவையும் குறை சொல்ல முடியாது. கடலைக் கொல்லையும் தென்னந்தோப்புமாக ஊரில் மதிப்பாக வாழ்கிறவர். மருமகளை வாய் நிறைய 'ஆத்தா' என்றுதான் கூப்பிடுவார். ஆனால் ஐயனார் மேல் மட்டும் அவருக்கு ஏதோ கோபம். கல்யாணத்தன்று சிரித்துப் பேசிய மனிதர், அந்த வருடமே முகத்தைத் திருப்பிக்கொண்டார். என்ன காரணம் என்று கேட்டால் சொல்ல மாட்டார். ஐயனார் பேச்சை எடுத்தாலே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விடுவார். ஐயனார் அவர் வீட்டுக்குப் போனால் "வாங்க" என்று ஒரு சொல், புறப்பட்டால் "சரி" என்று ஒரு சொல். அவ்வளவுதான்.

மகள் இலக்கியாவுக்குக் காது குத்த நாள் பார்த்தவுடன் பரிமளா போன் செய்தாள்.

"அண்ணே, நீதான் மடியில வச்சு உக்காரணும்."

"இதெல்லாம் ஒரு கேள்வியா? தாய்மாமன் நான் இருக்கேன், வேற யாரு உக்காருவா?"

"சீரெல்லாம் எனக்கு ஒண்ணும் பெருசில்லண்ணே. மாமா ஒன்கூட மொகம் குடுத்துப் பேசணும். அன்னைக்காவது பேசணும். சொந்தம் பந்தம் எல்லாம் கூடியிருக்கறப்ப மாமனும் தாத்தாவும் ஆளுக்கொரு பக்கம் பாத்துக்கிட்டு நின்னா, நான் எங்கிட்டுப் போயி நிப்பேன்?"

ஐயனார் போனை வலது காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "நான் பாத்துக்கிறேன் விடு" என்றான். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவனுக்கும் தெரியவில்லை. சட்டை, கொலுசு, பழத்தட்டு எல்லா மாமன்களும்தான் கொண்டுபோகிறார்கள். கடைசியில் செவந்திதான் வழி சொன்னாள்.

"நம்ம செட்டையே சீரா கொண்டுபோவோம். மொத நாள் சாயங்காலம் ஆரம்பிச்சு மறுநாள் மதியம் வரைக்கும் பாட்டு. ஊரே கேக்கட்டும். பேசாத மனுசனும் பேசுவாரு."

ஐயனாருக்கு உற்சாகம் பொங்கியது. அப்போதுதான் புதுக்கோட்டையில் பழைய லேப்டாப் ஒன்று வாங்கியிருந்தார்கள். பென் டிரைவில் ஏற்றிய பாட்டையே திருப்பித் திருப்பிப் போட்டால் இப்போது யாரும் கேட்பதில்லை. பந்தலுக்கு வந்து நின்றுகொண்டு, அந்தப் பாட்டைப் போடு, இந்தப் பாட்டைப் போடு என்கிறார்கள். இன்டர்நெட்டில் தேடி உடனே போட்டால்தான் முகம் மலர்கிறது. அதற்காகவே மாதச் சந்தா கட்டிப் பாட்டுக் கேட்கிற ஆப் ஒன்றையும் அதில் போட்டிருந்தார்கள். பாட்டின் தரத்தைத் தானாகவே என்றும், குறைவு, சாதாரணம், உயர்வு, மிக உயர்வு என்றும் மாற்றிக்கொள்ளலாம். ஒரு பாட்டு கத்தி ஒரு பாட்டு முனகாமல் எல்லாவற்றையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவர ஒரு பொத்தான் இருந்தது. அடிச் சத்தத்தையும் மேல் சத்தத்தையும் தனித்தனியாக ஏற்றி இறக்கப் படிக்கட்டு மாதிரி ஒரு படம் இருந்தது. ஐயனார் புது பொம்மை கிடைத்த பிள்ளை போல அதிலேயே கிடந்தான். செட்டிங்ஸில் அவன் தட்டிப் பார்க்காத இடமே இல்லை. ஒரே ஒரு பக்கத்தை மட்டும் திறக்கவில்லை. அதன் மேல் காது படம் போட்டிருந்தது. கடையில் ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது அதைத் திறக்க அவனுக்கு மனம் வரவில்லை. ஆள் இல்லாதபோதும் திறக்கவில்லை.

ஆம்ப்ளிஃபயரும் புதுசு. பழையதில் எல்லாக் குழாயும் ஒன்றாகத்தான் பாடும். இதில் இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கத்தை ஒரு தெருவுக்கும் மறு பக்கத்தை மறு தெருவுக்கும் இழுத்துவிட்டால், எங்கேயாவது உடம்பு சரியில்லாதவர்கள் இருந்தால் அந்தத் தெருவில் மட்டும் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளலாம். நல்ல யோசனைதானே.

செங்கமேடு அதற்குத் தோதான ஊர். நடுவில் ஒரு பெரிய குளம். குளத்துக்கு அந்தப் பக்கம் வடக்குத் தெரு, இந்தப் பக்கம் தெற்குத் தெரு. இரண்டு தெருவிலும் இருப்பவர்கள் பங்காளிகள்தான் என்றாலும், எதிலும் ஒரு போட்டி உண்டு. குளக்கரை அம்மன் கோயிலை ஒட்டிப் பந்தல். ஐயனார் இடது பக்க ஒயரை வடக்குத் தெருவுக்கும், வலது பக்க ஒயரை தெற்குத் தெருவுக்கும் இழுத்து, தென்னை மரங்களில் குழாய்களைக் கட்டினான். பந்தலில் தனக்குப் பக்கத்தில் இரண்டு சின்ன ஸ்பீக்கர் பெட்டிகளை வைத்துக்கொண்டான். ஊரில் டவர் சரியாக எடுக்கவில்லை. செவந்தியின் போனை ஒரு மஞ்சப் பையில் போட்டுப் பந்தல் கம்பின் உச்சியில் கட்டித் தொங்கவிட்டு, அதிலிருந்து லேப்டாப்புக்கு நெட் எடுத்தார்கள்.

வெயில் தாழ்ந்து பாட்டு ஆரம்பித்தது. முதலில் சாமி பாட்டு, பிறகு பழைய சினிமாப் பாட்டு. பெட்டிக்கு நடுவில் உட்கார்ந்திருந்த ஐயனாருக்குத் தேன் குடித்த மாதிரி இருந்தது. பிச்சைமுத்து பந்தலுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். இவன் பக்கம் திரும்பவில்லை. ஆனால் அவருடைய கால் கட்டைவிரல் தாளத்துக்கு ஆடியது. பரிமளா தூரத்தில் இருந்தே அதைப் பார்த்துவிட்டுச் செவந்திக்குக் கண்ணைக் காட்டினாள்.

ஜோடிப் பாட்டு போட்டவுடன் வந்தது வினை. தெற்குத் தெருவிலிருந்து கலைமதி, பால் கேனும் கையுமாக நேரே பந்தலுக்கு வந்தாள்.

"ஏங்க்கா, பாட்டுல என்ன கோளாறு? ஆம்பளக் குரலு கெணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு."

செவந்தி கணவனைப் பார்த்தாள். பெட்டியில் இரண்டு குரலும் கணீரென்று கேட்டன. ஐயனார் லேப்டாப்பை எட்டிப் பார்த்தான். தரம் 'தானாக' என்பதில் இருந்தது. டவர் குறைந்தால் அதுவே தரத்தையும் குறைத்துக்கொள்ளும்.

"நெட்டு ஸ்லோ. அதான் கொறச்ச தரத்துல ஓடுது. ஏத்திவிட்டா சரியாயிரும்" என்று சொல்லி, 'மிக உயர்வு' என்பதைத் தட்டினான்.

பாட்டு நின்றது. திரையில் வட்டம் சுற்றியது. பிறகு ஒரு வரி பாடியது, மறுபடி நின்றது. அந்த நேரம் பார்த்து யாரோ ஒரு சொந்தக்காரர், வருகிற வழி கேட்டுச் செவந்திக்குப் போன் போட்டார். பந்தல் உச்சியில் மஞ்சப் பை மணியடித்தது. ஊர்ப் பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். ஐயனார் ஏறிப் போனை எடுத்து வழி சொல்லிவிட்டு, இன்னும் உயரமாக ஒரு மூங்கிலில் கட்டினான். இந்த முறை வட்டம் சீக்கிரமே மறைந்தது. பாட்டு கண்ணாடி மாதிரி வந்தது.

"எப்படி?" என்று செவந்தியிடம் பெருமையாகக் கேட்டான். அவள் பதில் சொல்வதற்குள் குளக்கரை வழியாக அய்யாக்கண்ணு வந்துவிட்டார். வடக்குத் தெருக்காரர்.

"முன்னாடியாச்சும் அந்தம்மா குரலு லேசாக் கேட்டுச்சு. இப்ப சுத்தமா இல்ல. எங்க தெருவுல ஒத்த ஆளா அந்த மனுசன் பாடுறாரு. கேள்வியே இல்லாம பதில் மட்டும் சொல்லிக்கிட்டு இருக்காரு."

பந்தலில் இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஐயனாருக்குக் காது சுட்டது. தரத்தை ஏற்ற ஏற்ற நிலைமை மோசமாகிறதே, இது என்ன கொடுமை? மறுபடி குறைத்தான். படிக்கட்டுப் படத்தில் மேல் சத்தத்தை ஏற்றினான், அடிச் சத்தத்தை இறக்கினான். பெட்டியில் எல்லாம் ஒழுங்காகத்தான் கேட்டது. ஆனால் தெருவிலிருந்து ஆள் மாற்றி ஆள் வந்து பாதிப் பாட்டுதான் வருகிறது என்றார்கள்.

ரகுநாத்தின் சித்தப்பா மகன் அருள்மணி வந்து மேசையில் கை ஊன்றி நின்றான். வெள்ளைச் சட்டை, கழுத்தில் ஹெட்போன்.

"மச்சான், தப்பா நெனைக்காதீங்க. புதுக்கோட்டையில நம்ம ஃபிரெண்டு டிஜே வச்சிருக்கான். ஒரு போன் போட்டா காலையில ஆறு பாக்ஸோட வந்து நிப்பான். நீங்க மாமனா ஜம்முனு மடியில புள்ளைய வச்சு உக்காருங்க. எதுக்கு இந்தச் செரமம்?"

ஐயனார் பிச்சைமுத்துவைப் பார்த்தான். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, யாரையும் பார்க்காமல், "இருட்டுறதுக்குள்ள சரி பண்ணட்டும், இல்லேன்னா நாளைக்கி டிஜேயவே வரச் சொல்லு. வீட்டு விசேசம் சிரிப்பாச் சிரிச்சுரக் கூடாது" என்றார்.

பரிமளா அடுப்படிப் பக்கம் போய்விட்டாள். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தது இவனுக்குத் தெரிந்தது. அண்ணன் கொண்டுவந்த சீரை ஊர் பார்க்கத் திருப்பி அனுப்பினால், அதற்குப் பிறகு இந்த வீட்டில் அவன் பெயரை அவள் எப்படி எடுப்பாள்?

"செவந்தி, ஒனக்கு எப்படிக் கேக்குது? உண்மையச் சொல்லு. எங்காதுதான் தப்பா?"

"எனக்கும் நல்லாத்தாங்க கேக்குது. நீங்க ஒரு எட்டுப் போயி தெருவுல நின்னு கேட்டுட்டு வாங்க. நான் இங்க பாத்துக்கிறேன்."

ஐயனார் குளக்கரையில் விறுவிறுவென்று வடக்குத் தெருவுக்கு நடந்தான். பாட்டு முடிந்து சத்தம் நின்றது. அடுத்தது என்ன போடுவது என்று அவன் சொல்லவில்லை. அவன் முகம் வாடிப் போனதைப் பார்த்த செவந்தி, ஊர் எப்படியும் போகட்டும், இவருக்காக ஒன்று போடுவோம் என்று அந்த பஸ் பாட்டைத் தட்டிவிட்டாள். தரத்தையும் மறுபடி 'மிக உயர்வு' என்பதில் வைத்தாள்.

ஐயனார் தென்னை மரத்தடியில் போய் நின்றான். மேலே குழாய். பல்லவி முடிந்தது.

புல்லாங்குழல் வந்தது.

தெளிவாக, தனியாக, குளத்துத் தண்ணீர் மேல் காற்று போகிற மாதிரி வந்தது. ஐயனார் வாயைப் பிளந்துகொண்டு மேலே பார்த்தான். எட்டு வருடமாக இல்லவே இல்லை என்று அவன் சத்தியம் செய்த புல்லாங்குழல். அவன் உயிராக நினைத்த வயலினை இங்கே காணவில்லை. சட்டைப் பையில் இருந்து தன் போனை எடுத்து, மேசையருகே நின்ற அருள்மணியை அழைத்துச் செவந்தியிடம் கொடுக்கச் சொன்னான்.

"செவந்தி! புல்லாங்குழல் இருக்குடி!"

"அதத்தான எட்டு வருசமாச் சொல்றேன்."

"அந்தப் பாட்டையே மொதல்லேருந்து போடு. நிறுத்தாத."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குளக்கரையில் ஓடினான். எதிரே வந்தவர்கள் வீட்டில் என்னவோ ஏதோ என்று ஒதுங்கி நின்றார்கள். தெற்குத் தெருக் குழாயின் அடியில் போய் நின்றபோது மூச்சு வாங்கியது. பல்லவி முடிந்தது. புல்லாங்குழல் இல்லை. பஸ்ஸில் அவன் காதில் மட்டும் கேட்ட அதே வயலின்.

அங்கேயே நின்றபடி அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஹெட்செட்டில் ஒரு பக்கம் L, மறு பக்கம் R என்று போட்டிருப்பார்கள். பாட்டைப் பதிவு செய்கிறவர்கள் சிலவற்றை இடது காதுக்கும் சிலவற்றை வலது காதுக்கும் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு காதும் உள்ளவனுக்கு அது ஒன்றாகச் சேர்ந்துவிடும். அவன் எப்போதும் வலது பக்கத்தை மட்டுமே மாட்டியவன், அதனால் செவந்தியின் பாதி அவனுக்குத் தெரியாமலே போனது. பழைய ஆம்ப்ளிஃபயர் இரண்டையும் கலந்தே எல்லாக் குழாய்க்கும் அனுப்பியது. புதியது பிரித்து அனுப்புகிறது. பந்தலில் இரண்டு பெட்டியும் பக்கத்தில் இருந்ததால் தெரியவில்லை. தரம் ஏறினால் பிரிவும் சுத்தமாகிறது, அதனால்தான் ஏற்ற ஏற்றக் கோளாறு பெரிதானது.

இன்று சாயங்காலம் ஊர் முழுவதும் அவனைப் போலவே ஒரு காதால் பாட்டுக் கேட்டிருக்கிறது. அதை நினைத்தபோது அவனுக்கு அங்கேயே சிரிப்பு வந்துவிட்டது.

திரும்பி வரும் வழியில், இரண்டையும் சேர்த்து அனுப்பு என்று லேப்டாப்பிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தான். செட்டிங்ஸில் எல்லா இடத்தையும் பார்த்தாயிற்று. அப்படி ஒன்று இருந்தால், அவன் திறக்காத அந்த ஒரு பக்கத்தில்தான் இருக்க வேண்டும்.

மேசையைச் சுற்றிக் கூட்டம் கூடியிருந்தது. பிச்சைமுத்துவே எழுந்து வந்துவிட்டார். ஐயனார் நாற்காலியில் உட்கார்ந்து, காது படத்தின் மேல் கையைக் கொண்டுபோய் ஒரு நொடி தயங்கினான். பிறகு தட்டினான். உள்ளே, இரண்டு பக்கத்துச் சத்தத்தையும் ஒன்றாகச் சேர்க்கிற பொத்தான் இருந்தது. 'மோனோ ஆடியோ' என்று எழுதியிருந்தது.

அருள்மணி குனிந்து படித்தான். "மச்சான், இது காது கேக்காதவங்களுக்கு உள்ளதுல்ல?"

"ஆமா மச்சான். எனக்குந்தான். இடது காது சின்ன வயசுலேருந்தே கேக்காது."

செவந்தி நகர்ந்து வந்து அவனுடைய வலது தோளை ஒட்டி நின்றாள். ஐயனார் பொத்தானைத் தட்டினான். குளத்தின் இரண்டு கரையிலிருந்தும் ஒரே நேரத்தில் வயலினும் புல்லாங்குழலும் சேர்ந்து வந்தன. கொஞ்ச நேரத்தில் வடக்குத் தெருப் பக்கம் யாரோ விசில் அடித்தார்கள். தெற்குத் தெருக்காரர்கள் விட்டுக்கொடுப்பார்களா? அங்கிருந்து இரண்டு விசில்.

பிச்சைமுத்து மட்டும் விசிலைக் கவனிக்கவில்லை. ஐயனாரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்தக் காது?"

ஐந்து வருடத்தில் அவர் அவனிடம் கேட்ட முதல் கேள்வி.

"இடது காது மாமா."

"கல்யாணப் பந்தியில நான் ஒங்களுக்கு எந்தப் பக்கம் உக்காந்திருந்தேன்?"

ஐயனார் யோசித்தான். "இடது பக்கம். அன்னைக்கு ஓரத்துல எடம் கெடைக்கல."

"அப்ப நான் கேட்டது?"

"என்ன மாமா கேட்டீங்க?"

பிச்சைமுத்து துண்டை எடுத்துத் தோளிலிருந்து கைக்கு மாற்றினார். "எங்க அம்மன் திருவிழாவுக்கு இனிமே வருசா வருசம் நீங்கதான் செட்டுப் போடணும் மாப்ளன்னு கேட்டேன். ரசத்தக் குடிச்சுக்கிட்டே நல்லாத் தலைய ஆட்டுனீங்க! நான் ஊருபூராச் சொல்லிட்டேன். எம் மாப்ள வாராரு, வேற செட்டு பிடிக்காதீங்கன்னு ஒத்தக்கால்ல நின்னேன். நீங்க வரல. அந்த வருசம் அம்மனே ஊமையா தேருல போச்சு. ஒரு மாசம் நான் கடைத்தெருப் பக்கம் தலகாட்டல."

"ஐயோ மாமா, ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா?"

"வாக்குக் குடுத்தவருக்கு நான் போன் போட்டு ஞாபகப்படுத்தணுமா?"

"ரசம் எப்படி இருக்குன்னு கேக்குறீங்கன்னு நெனச்சுத் தலைய ஆட்டுனேன் மாமா."

பிச்சைமுத்துவின் உதடு துடித்தது. கோபமா, என்னவென்று யாருக்கும் புரியவில்லை. திடீரென்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். "ரசமாம்டா! அஞ்சு வருசமா நான் ரசத்துக்குக் கோவிச்சுக்கிட்டு இருந்திருக்கேன்!" என்று அருள்மணியின் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார். அடுப்படி வாசலில் நின்ற பரிமளா கரண்டியோடு வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வழிய அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அருள்மணி போனைச் சட்டைப் பைக்குள் போட்டான். "டிஜே வேணாம்ல பெரியப்பா?"

"அவன் வந்தா அவனையும் ஒரு ஓரமா உக்காந்து கேக்கச் சொல்லு."

இனி ஒன்றுதான் மிச்சம். 'மிக உயர்வு' வைத்தால் அவ்வப்போது வட்டம் சுற்றியது. ஐயனார் ஒரு படி இறக்கி 'உயர்வு' என்பதில் வைத்தான். அதற்கு மேல் ஏற்றினாலும் குழாயில் வித்தியாசம் தெரியாது. காற்றும் தென்னை மட்டையும் மிச்சத்தைத் தின்றுவிடும். பாட்டு அதற்குப் பிறகு தடங்கல் இல்லாமல் ஓடியது.

மறுநாள் காலையில் கோயில் வாசலில் மனை போட்டார்கள். பட்டுப் பாவாடையில் இலக்கியா மாமன் மடியில் உட்கார்ந்தாள். மூன்று வயது முடிந்த பிள்ளை, வாய் ஓயாது. செய்தி அதற்குள் அவளுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

"மாமா, ஒனக்கு ஒரு காது கேக்காதாமே? எந்தக் காது?"

"இந்தா, இது."

அவள் எக்கி அந்தக் காதில் வாயை வைத்து எதையோ கிசுகிசுத்தாள். "கேட்டுச்சா?"

"கேக்கலயே."

அவளுக்கு ஒரே ஆனந்தம். மறுபடி கிசுகிசுத்தாள், மறுபடி கேட்டாள். இவ்வளவு நம்பிக்கையான காது அவளுக்கு இதற்கு முன் கிடைத்ததில்லை போல. என்னென்ன ரகசியம் சொன்னாளோ, அவள் முகத்தில் மட்டும் திருட்டுச் சிரிப்பு. அந்தச் சிரிப்பிலேயே ஆசாரி ஒரு பக்கம் குத்திவிட்டார். இலக்கியா வீறிட்டாள். மாமனின் இடது காதோடு வாயை ஒட்டி வைத்துக்கொண்டு, பந்தல் அதிரக் கத்தினாள். சுற்றி நின்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஐயனார் மட்டும் அசையாமல் சிரித்த முகமாக அவளைத் தட்டிக்கொடுத்தான்.

"பொறுமைன்னா இதுதாய்யா பொறுமை" என்றார் ஆசாரி.

"பொறுமையாவது! அந்தப் பக்கம் ஆளே இல்ல" என்றாள் செவந்தி. பெண்கள் சிரித்த சிரிப்பில் குலவை பிந்திவிட்டது. மறு காதும் குத்தி முடிந்த பிறகுதான் ஒழுங்காகக் குலவை போட்டார்கள். இலக்கியாவுக்குச் சர்க்கரையை அள்ளி வாயில் போட்டதும் அழுகை பாதியில் நின்றது.

மதியம் பந்தி. ஐயனார் வழக்கம் போல் வரிசையின் இடது ஓரத்தில் போய் உட்கார்ந்தான். இலை போட்டு, சோறு வந்து, குழம்பு வந்து, ரசமும் வந்தது. பிச்சைமுத்து வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தார். இலையோடு தூக்காத குறையாக, ஐயனாருக்கு வலது பக்கம் இருந்த அருள்மணியை எழுப்பி அடுத்த இலைக்குத் தள்ளிவிட்டு அங்கே உட்கார்ந்தார்.

"மாப்ள, இது வலது பக்கந்தான?"

"வலது பக்கந்தான் மாமா."

"நல்லாக் கேக்குதா?"

"நல்லாக் கேக்குது."

"பங்குனியில அம்மன் திருவிழா வருது. நீங்கதான் வந்து செட்டுப் போடணும்."

ஐயனாரின் கையில் ரசம் இருந்தது. வாய் நிறைய இருந்ததால் தலையை ஆட்டினான்.

"ம்ஹும்!" பிச்சைமுத்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "தலையாட்டுற வேலையெல்லாம் நம்மகிட்ட வேணாம். முழுங்கிட்டு வாயத் தொறந்து சொல்லுங்க. எல்லாரும் கேக்கட்டும்."

ஐயனார் ரசத்தை விழுங்கினான். எதிர் வரிசையில் பரிமாறிக்கொண்டிருந்த பரிமளா அப்பள வட்டிலோடு நின்று அவன் வாயையே பார்த்தாள்.

"வாரேன் மாமா."

"என்னது? சத்தமா."

"வாரேன் மாமா!"

பந்தலின் மூலையில், லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்த செவந்தி அடுத்த பாட்டைத் தட்டிவிட்டாள். விசேஷ வீட்டில் போடுகிற ரகம் இல்லை அது. பல்லவி முடிந்ததும் ஐயனார் எட்டிப் பார்த்தான். அவள் இரண்டு கையையும் உதட்டருகே கொண்டுபோய், விரல்களை மட்டும் அசைத்துக் காட்டினாள்.